லைல் தாம்ப்சன் என்ற லாக்ராஸ் வீரர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த லைல் தாம்ப்சன்?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், சிரக்யூஸ் நகரத்துக்குத் தெற்கே ஒனோண்டாகா என்ற பூர்வகுடி தேசத்தின் நிலம் இருக்கிறது. லைல் அங்கே வளர்ந்தவர், 1992-இல் பிறந்தவர். 2012 முதல் 2015 வரை ஆல்பனி பல்கலைக்கழக அணிக்கு ஆடி, கல்லூரி லாக்ராஸின் உச்சப் பிரிவான டிவிஷன் 1-இல் மொத்தம் 400 புள்ளிகள் சேர்த்தார். அதுவரை யாரும் அந்த எண்ணை எட்டியதில்லை. அப்புறம் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து, அரங்குக்குள் ஆடும் லீக், திறந்த மைதானத்தில் ஆடும் லீக் என்று இரண்டிலும் பட்டம் வென்ற அணிகளில் இருந்தார்.

லாக்ராஸ் பற்றி எதுவும் தெரியாதவர்கள்கூட இவருடைய கதையைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். இந்த ஆட்டத்தை உலகத்துக்குக் கொடுத்த மக்களின் பிள்ளை அவர். அதே மக்கள் தங்கள் சொந்த ஆட்டத்தில் பல காலம் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அவர் எடுத்த எண்களை மட்டும் படித்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

லாக்ராஸ் எப்படி ஆடுவது?

முனையில் வலைப்பை கட்டிய நீண்ட ஸ்டிக்கை எல்லோரும் வைத்திருப்பார்கள். அதில் பந்தைப் பிடித்து, சுமந்து ஓடி, எறிந்து கோலுக்குள் போட வேண்டும். பந்து கெட்டியான ரப்பர். எடை கிட்டத்தட்ட 145 கிராம், அதாவது கிரிக்கெட் பந்தைவிடச் சற்றுக் குறைவு. நல்ல வீரர்கள் எறிந்தால் அது மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் போகும்.

திறந்த மைதான ஆட்டத்தில் பக்கத்துக்குப் பத்துப் பேர்: ஒரு கோல்கீப்பர், தடுக்க மூவர், நடுவில் மூவர், தாக்க மூவர். லைல் தாக்கும் மூவரில் ஒருவர். இன்னொரு விஷயத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: கோல் வலைக்குப் பின்னாலும் ஆடலாம். அங்கேயும் நிறைய இடம் உண்டு. லைல் தன் வித்தையில் பாதியை அங்கிருந்துதான் காட்டினார்.

அரங்குக்குள் ஆடுவது பாக்ஸ் லாக்ராஸ். ஐஸ் ஹாக்கி அரங்கில் பனியை மூடிச் செயற்கைப் புல் விரித்து ஆடுவார்கள். கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர். இடம் குறுகல், கோல் சின்னது, சுவரோடு மோதல் அதிகம். கனடாவிலும் பூர்வகுடி ஊர்களிலும் பிள்ளைகள் பெரும்பாலும் இதில்தான் வளர்கிறார்கள்.

புள்ளி என்றால் கோலா?

கோலும் அசிஸ்டும் சேர்ந்ததுதான் புள்ளி. ஒருவர் கோல் போட்டால் அவருக்கு ஒன்று. அந்தக் கோலுக்கு வழிசெய்து பந்தைக் கொடுத்தவருக்கும் ஒன்று. லைலின் 400 புள்ளிகளில் 175 கோல், 225 அசிஸ்ட். அடித்ததைவிட அடிக்கவைத்தது அதிகம். அவருடைய மொத்த ஆட்டத்தையும் புரிந்துகொள்ள எனக்கு இந்த ஒரு கணக்கு போதும்.

ஒனோண்டாகா என்பது ஊரா, நாடா?

அங்குள்ளவர்களைக் கேட்டால் நாடு என்றுதான் சொல்வார்கள். மொஹாக், ஒனைடா, ஒனோண்டாகா, கயூகா, செனகா, டஸ்கரோரா என்ற ஆறு தேசங்களின் கூட்டமைப்புக்கு ஹோடினோஷோனி என்று பெயர். வெளியார் வைத்த பழைய பெயர் இரோக்வாய். கூட்டமைப்பின் சபை நெருப்பைக் காக்கும் பொறுப்பு ஒனோண்டாகாவுடையது. அங்கே இன்றும் பாரம்பரிய முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள்தான் முடிவெடுக்கிறார்கள். தலைவர்களைத் தேர்ந்தெடுப்பது குலத்தாய்மார்கள். ஹோடினோஷோனி மக்கள் தங்களுக்கென்று கடவுச்சீட்டும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கடவுச்சீட்டு இந்தக் கதையில் பின்னால் மறுபடி வரும்.

அவர்களுக்கு லாக்ராஸ் ஏன் அவ்வளவு முக்கியம்?

அது படைத்தவனின் மகிழ்ச்சிக்காகக் கொடுக்கப்பட்ட ஆட்டம் என்பது அவர்கள் நம்பிக்கை. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றாலோ, ஊருக்கே ஒரு வேதனை வந்தாலோ அதை ஆற்றுவதற்காக ஓர் ஆட்டம் நடத்துவார்கள். மருந்து ஆட்டம் என்று அதற்குப் பெயர். அதில் ஆண்கள் மட்டும், மரத்தால் செய்த ஸ்டிக்கோடு இறங்குவார்கள். கிழவர்களும் சிறுவர்களும் ஒரே களத்தில் இருப்பார்கள். பார்வையாளர் கூட்டத்துக்காக அது நடப்பதில்லை. ஹிக்கரி மரத்தை வெட்டி, ஆவியில் வளைத்து, மாதக்கணக்கில் காயவைத்து அந்த ஸ்டிக்கைச் செய்கிறார்கள். பிறந்த ஆண் குழந்தைக்குக் கையளவு ஸ்டிக் கொடுப்பதும், இறந்தவரோடு அவருடைய ஸ்டிக்கை வைத்து அடக்கம் செய்வதும் வழக்கம்.

லைலும் சகோதரர்களும் இதற்குள் பிறந்தவர்கள். தொழில்முறை அரங்கில் பல்லாயிரம் பேர் முன்னால் ஆடும்போதும் படைத்தவனுக்காகத்தான் ஆடுகிறேன் என்று லைல் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்வார். ஸ்டிக்கைக் கோபத்தோடு தொடக் கூடாது, மனத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டு களத்தில் இறங்க வேண்டும் என்ற பாடம் அவர்கள் வீட்டில் பந்தைப் பிடிக்கக் கற்பதற்கு முன்பே வருகிறது.

பெண்கள் மருந்து ஆட்டத்தில் இறங்குவதில்லை. ஆனால் சர்வதேசப் போட்டிகளில் ஹோடினோஷோனிக்குத் தனியாகப் பெண்கள் அணி உண்டு.

பூர்வகுடிகளின் ஆட்டம் எப்படிக் கல்லூரி ஆட்டமானது?

மான்ட்ரியாலைச் சேர்ந்த வில்லியம் ஜார்ஜ் பீர்ஸ் என்ற பல் மருத்துவர் 1867-இல் விதிகளை எழுதி அச்சிட்டார். களத்தின் அளவு, ஆட்களின் எண்ணிக்கை எல்லாம் கட்டுக்குள் வந்தது. 1880-இல் கனடாவின் லாக்ராஸ் அமைப்பு, பணம் வாங்கி ஆடுபவர்களுக்கு இடமில்லை என்று முடிவு செய்தது. பயணச் செலவுக்காகப் பணம் வாங்கிக்கொண்டிருந்த பூர்வகுடி அணிகள் அந்த ஒரே விதியால் பெரிய போட்டிகளிலிருந்து வெளியேற்றப்பட்டன. அந்தக் காலத்தில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வசதியான பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் ஆட்டத்தை எடுத்துக்கொண்டன. நூறு ஆண்டுக்கும் மேலான அந்த இடைவெளியைத் தாண்டித்தான் லைல் மாதிரி ஒருவர் கல்லூரி மைதானத்தின் நடுவே வந்து நிற்க வேண்டியிருந்தது.

அவருக்கு முன்பும் சிலர் வந்தார்கள். ஒனோண்டாகாவைச் சேர்ந்த ஓரன் லயன்ஸ் 1957-இல் தோல்வியே காணாத சிரக்யூஸ் அணியின் கோல்கீப்பர். பின்னாளில் அமெரிக்கக் கால்பந்தில் பெரும் புகழ் பெற்ற ஜிம் பிரவுன் அதே அணியில் ஆடியவர். 1983-இல் ஹோடினோஷோனி தேசிய அணி உருவானபோது அதை உருவாக்கியவர்களில் லயன்ஸும் ஒருவர்.

சகோதரர்கள் எத்தனை பேர்?

நால்வர். ஜெரமி, ஹியானா என்று அழைக்கப்படும் ஜெரோம், மைல்ஸ், லைல். கடைக்குட்டி லைல். நால்வரும் தொழில்முறை வீரர்கள். ஜெரமி சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஆடினார். மொஹாக் மொழிவழிப் பள்ளியில் படித்து வளர்ந்தவர் என்பதால் ஆங்கிலப் பாடங்களோடு அவர் பட்ட பாடு பெரிது. முதலில் ஒரு சமுதாயக் கல்லூரியில் படித்து, மதிப்பெண்ணைச் சரிசெய்துகொண்டு, அப்புறம்தான் சிரக்யூஸில் நுழைய முடிந்தது. தம்பிகள் இதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள். பெரியவர் முட்டி மோதித் திறந்த கதவு வழியாகத்தான் சின்னவர்கள் வந்தார்கள் என்பதை லைலைப் பற்றி எழுதுபவர்கள் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

சிரக்யூஸை விட்டு ஏன் ஆல்பனிக்குப் போனார்?

சிரக்யூஸ் பக்கத்து ஊர், பல தேசியப் பட்டங்கள் வென்ற அணி, அண்ணன் ஆடிய அணி. லைலும் அங்கே சேர்வதாக முதலில் வாய்மொழியாக ஒப்புக்கொண்டிருந்தார். பிறகு மனத்தை மாற்றி, அண்ணன் மைல்ஸும் உறவுப் பையன் டை தாம்ப்சனும் ஆடிய ஆல்பனிக்கு வந்தார். மூவரும் ஒரே தாக்குதல் வரிசையில் நின்றார்கள்.

பயிற்சியாளர் ஸ்காட் மார் இவர்கள் ஆடும் விதத்தைத் திருத்தப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து எறிவது, ஒற்றைக் கையில் பந்தை வைத்துக்கொண்டு சுழல்வது, பார்க்காமலே கொடுப்பது எல்லாம் பல பயிற்சியாளர்களுக்குப் பிடிக்காத விஷயங்கள். மார் அதற்கு இடம் கொடுத்தார். ஓர் அணியை நடத்துபவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அது என்பேன்.

கல்லூரியில் உதவித்தொகை முழுதாகக் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. லைல் ஆடிய காலத்தில் டிவிஷன் 1 ஆண்கள் அணி ஒன்று மொத்தமாக 12.6 பேருக்கான உதவித்தொகைதான் கொடுக்கலாம் என்பது விதி. அணியில் நாற்பது பேருக்கு மேல் இருப்பார்கள். அதைப் பங்குபோட்டுத்தான் கொடுப்பார்கள்.

நான்கு ஆண்டுக் கணக்கு என்ன?

முதலாண்டில் 38 புள்ளி. பரவாயில்லை என்ற அளவு.

2013-இல் 113. ஒரு பருவத்தின் சாதனை அப்போது 114, மேரிலாண்டின் யூ.எம்.பி.சி. பல்கலைக்கழக அணிக்காக ஸ்டீவ் மரோல் 1992-இல் எடுத்தது. லைல் பிறந்த ஆண்டு அது. ஒரே ஒரு புள்ளி குறைந்தது. அந்தப் பருவத்தின் தொடக்கத்தில்தான் சிரக்யூஸை அவர்கள் மைதானத்திலேயே, கூடுதல் நேரத்தில், 16-15 என்று ஆல்பனி வீழ்த்தியது.

2014-இல் 51 கோல், 77 அசிஸ்ட், மொத்தம் 128. இருபத்திரண்டு ஆண்டு நின்ற சாதனை போயிற்று. அதே பருவத்தில் மைல்ஸ் 82 கோல் போட்டு, யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் ரீஸ் 1990-இல் வைத்த ஒரு பருவக் கோல் சாதனையைச் சமன் செய்தார். மைல்ஸின் மொத்தப் புள்ளி 119. அதாவது மரோலின் பழைய 114-ஐ அண்ணன், தம்பி இருவரும் ஒரே பருவத்தில், ஒரே அணியில் தாண்டினார்கள். தம்பியின் 77 அசிஸ்டும் அண்ணனின் 82 கோலும் எவ்வளவு பின்னிக்கிடக்கின்றன என்று சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தில் சேர்ந்து ஆடி வளர்ந்தவர்களுக்குள் இருக்கும் பேசாத புரிதலை எந்தப் பயிற்சி முகாமும் கொடுக்காது.

2015-இல் மைல்ஸும் டையும் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள். இனி லைல் இறங்கிவிடுவார் என்று நினைத்தவர்கள் உண்டு. அவர் எடுத்தது 121. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ராப் பேனல் வைத்திருந்த 354 என்ற மொத்தப் புள்ளிச் சாதனையைத் தாண்டி 400-இல் நிறுத்தினார். என்னைக் கேட்டால் நான்கில் சிறந்த பருவம் இதுதான். 2014-இன் எண் பெரிது, ஆனால் 2015-இல் எதிரணிகள் எல்லாம் இவர் ஒருவரை மட்டும் குறிவைத்து ஆள் நிறுத்தின. அப்படியும் 69 அசிஸ்ட் கொடுத்தார் என்றால், புதிதாக வந்த சக வீரர்களையும் கோல் போடுபவர்களாக மாற்றினார் என்று பொருள்.

இதற்கிடையில் படிக்கும்போதே அவர் தந்தையாகிவிட்டார். வகுப்பு, பயிற்சி, குழந்தை எல்லாம் ஒன்றாகத்தான் ஓடின.

டெவாராட்டன் விருது என்றால் என்ன? அதை எத்தனை முறை வாங்கினார்?

அமெரிக்கக் கல்லூரி லாக்ராஸில் ஆண்டின் சிறந்த வீரருக்கும் வீராங்கனைக்கும் 2001 முதல் கொடுக்கப்படும் விருது. கோப்பையில் இருப்பது ஒரு மொஹாக் வீரனின் வெண்கல உருவம். ஆனாலும் முதல் பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு பூர்வகுடி வீரர்கூட அதை வாங்கியதில்லை.

2014-இல் லைலுக்கும் மைல்ஸுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆண்கள் விருது பகிர்ந்து கொடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. பூர்வகுடியினருக்குப் போனதும் அதுவே முதல் முறை. 2015-இல் லைல் தனியாக வாங்கினார். ஆண்களில் அதற்கு முன் இரண்டு முறை வாங்கியவர் சிரக்யூஸின் மைக் பவல் ஒருவர்தான்.

தேசியப் பட்டம் வென்றாரா?

இல்லை. கடைசி நான்கு அணிகளில்கூட ஒரு முறையும் நுழையவில்லை. 2014 காலிறுதியில் நோட்ரடாமிடம் கூடுதல் நேரத்தில் 14-13 என்று தோல்வி. 2015 காலிறுதியிலும் அதே நோட்ரடாம். ஆல்பனி பெரிய பெயரோ பெரிய பணமோ இல்லாத அரசுப் பல்கலைக்கழகம். சிறந்த தடுப்பாளர்களை வரிசையாகச் சேர்க்கும் வசதி அதற்கு இல்லை. இதை வைத்து லைலைக் குறைத்துப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பட்டத்துக்காகப் பெரிய அணிக்குப் போயிருக்கலாம். வாய்ப்பு கையில்தான் இருந்தது. அவர் அண்ணனோடு ஆடுவதைத் தேர்ந்தெடுத்தார்.

ஆல்பனி 2018-இல் முதன்முறையாகக் கடைசி நான்குக்குள் போனது. கனடாவில் சிக்ஸ் நேஷன்ஸ் என்ற ஹோடினோஷோனி நிலத்தைச் சேர்ந்த டெஹோகா நான்டிகோக் அப்போது அந்த அணியின் முதலாண்டு மாணவர்.

அவருடைய ஆட்டத்தில் அப்படி என்ன விசேஷம்?

உயரமோ முரட்டு வேகமோ இல்லை. முதலில், கோலுக்குப் பின்னால் நின்று மொத்தக் களத்தையும் பார்ப்பது. அங்கிருந்து அவர் ஒரு பக்கம் ஓடத் தொடங்கினால் தடுப்பாளர் கூடவே ஓட வேண்டும், கோல்கீப்பர் திரும்பிப் பார்க்க வேண்டும். கோல்கீப்பர் திரும்பிய அந்தக் கணத்தில் முன்னால் நிற்பவருக்குப் பந்து போய்விடும்.

அடுத்து, பாக்ஸ் ஆட்டம் கொடுத்த கைப்பழக்கம். குறுகிய இடத்தில் மூன்று பேர் இடிக்கும்போது பந்தை விடாமல் வைத்திருக்கச் சிறு வயதிலேயே பழகியவர். மைதானத்தில் மற்றவர்கள் கூட்டம் என்று நினைக்கும் இடம் அவருக்கு விசாலமாகத் தெரியும். முதுகுக்குப் பின்னாலிருந்து அவர் எறிவதை வேடிக்கைக்காகச் செய்கிறார் என்று புதிதாகப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் எதிராளியின் ஸ்டிக் முன்பக்கத்தை மறைத்திருக்கும்போது பந்து போகக்கூடிய ஒரே வழி அதுதான்.

மூன்றாவது, பொறுமை. தடுப்பாளர் தவறு செய்யும்வரை காத்திருப்பார். அவசரப்பட்டு எறிந்து பந்தை இழப்பது அபூர்வம்.

தொழில்முறை லாக்ராஸ் எப்படி இயங்குகிறது?

இரண்டு பருவம், இரண்டு ஆட்டம். குளிர்காலத்தில் தொடங்கி வசந்தம் வரை அரங்குக்குள் நேஷனல் லாக்ராஸ் லீக். கோடையில் திறந்த மைதான லீக். ஒரே வீரர் இரண்டிலும் ஆடலாம், லைல் ஆடினார். 2015-இல் இரண்டு லீக்கின் வீரர் தேர்விலும் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் அவர்தான். அரங்க லீக்கில் ஜார்ஜியா ஸ்வார்ம், மைதான லீக்கில் ஃப்ளோரிடா லாஞ்ச்.

ஜார்ஜியாவில் என்ன செய்தார்?

ஸ்வார்ம் அணி மினசோட்டாவிலிருந்து ஜார்ஜியாவுக்கு அப்போதுதான் இடம் மாறியிருந்தது. லாக்ராஸ் வேரூன்றாத தெற்கு மாநிலம். மைல்ஸ் ஏற்கெனவே அணியில் இருந்தார். லைல் வந்த இரண்டாவது பருவத்திலேயே, 2017-இல், ஸ்வார்ம் தன் முதல் கோப்பையை வென்றது. லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதும் அந்த ஆண்டு லைலுக்கே.

அந்த இறுதிப் போட்டியில் எதிரணி சஸ்காட்செவன் ரஷ். அதில் ஆடியவர் மூத்தவர் ஜெரமி. ஒரு பக்கம் தம்பிகள், இன்னொரு பக்கம் அண்ணன். மூன்று ஆட்டத் தொடரான அந்த இறுதியில், சஸ்கட்டூனில் நடந்த இரண்டாவது ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், ஸ்வார்முக்கு 15-14 என்று முடிந்தது. கடைசிக் கோல் மைல்ஸுடையது. தாம்ப்சன் வீட்டில் அன்று எந்தப் பக்கம் கைதட்டியிருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

நன்னடத்தைக்காக லீக் கொடுக்கும் விருதையும் லைல் பலமுறை வாங்கியிருக்கிறார். இடியும் சண்டையும் சகஜமான ஓர் ஆட்டத்தில், எல்லோரும் குறிவைக்கும் ஒருவர் அதைத் திரும்பத் திரும்ப வாங்குவது சாதாரணம் இல்லை.

மைதான லீக்கில்?

ஃப்ளோரிடா லாஞ்ச் கோப்பை வெல்லும் அணியாக இல்லை, கடைசியில் மூடப்பட்டது. 2019-இல் மேரிலாண்டின் செசபீக் பேஹாக்ஸுக்கு வந்தார். அந்த ஆண்டே பேஹாக்ஸ் டென்வர் அவுட்லாஸை வென்று மைதான லீக்கான மேஜர் லீக் லாக்ராஸின் கோப்பையைத் தூக்கியது.

அதே 2019-இல்தான் லாக்ராஸ் வீரர் பால் ரேபில் தன் சகோதரரோடு சேர்ந்து தொடங்கிய பிரீமியர் லாக்ராஸ் லீக் முதல் பருவத்தை ஆடியது. பெரிய பெயர்கள் பலர் அங்கே போனபோது லைல் பழைய லீக்கிலேயே இருந்தார். 2020 டிசம்பரில் பழைய லீக் புதியதோடு இணைந்துவிட்டது. 2021 முதல் அவர் கேனன்ஸ் அணிக்கு ஆடினார்.

இதில் சம்பாதித்துப் பிழைக்க முடியுமா?

பெரும்பாலானவர்களுக்கு முடியாது. ஆசிரியர், பயிற்சியாளர், விற்பனை வேலை என்று வாரம் முழுக்க ஒரு வேலை பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை விமானம் ஏறி, ஆடிவிட்டு, ஞாயிறு வீடு திரும்புகிறவர்கள்தான் இந்த லீக்குகளில் அதிகம். அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து வீரர்களின் சம்பளத்தோடு ஒப்பிடவே கூடாது. லைல் மாதிரி ஒரு சிலருக்கு விளம்பர ஒப்பந்தம் கைகொடுக்கிறது. நைக்கி நிறுவனம் பூர்வகுடி இளைஞர்களுக்காக நடத்தும் என்7 திட்டத்தின் தூதர் அவர். சகோதரர்கள் நால்வரும் சேர்ந்து தங்கள் பெயரில் ஒரு நிறுவனம் வைத்து, பூர்வகுடி ஊர்களுக்கும் மற்ற ஊர்களுக்கும் போய்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி முகாம் நடத்துகிறார்கள். அந்த முகாம்களில் ஸ்டிக் பிடிக்கும் முறையோடு ஆட்டத்தின் பின்னணியும் சொல்லிக்கொடுக்கப்படுகிறது.

நீண்ட பின்னல் பற்றி ஒரு சர்ச்சை வந்ததே, அது என்ன?

2019 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியாவில் ஓர் ஆட்டம். லைல் தன் மக்களின் வழக்கப்படி தலைமுடியை நீளமாக வளர்த்துப் பின்னலிட்டிருப்பார். அரங்க அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில், அந்த முடியை வெட்டுவோம் என்ற பொருளில் கேலி செய்தார். பார்வையாளர்கள் சிலர் அதையும் தாண்டி, தலைத்தோலை உரிப்பது பற்றிக் கத்தினார்கள். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பிடித்துப்போய் விடுதிப் பள்ளிகளில் அடைத்து, முதல் வேலையாக முடியை வெட்டிய வரலாறு கொண்ட நாடு அது. அந்த வரலாறு தெரிந்தவர்களுக்கு இது எங்கே போய்க் குத்தும் என்று விளங்கும்.

லைல் அன்றிரவே சமூக ஊடகத்தில் நிதானமாக, யாரையும் திட்டாமல், நடந்ததை எழுதினார். அறிவிப்பாளர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார், லீக் தலைவர் மன்னிப்புக் கேட்டார். அதற்கப்புறம் அந்தச் சம்பவத்தைப் பற்றிக் கேட்கப்பட்டபோதெல்லாம், ஒருவரைத் தண்டிப்பதைவிட மக்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதைத்தான் லைல் முன்வைத்தார்.

அவர் அமெரிக்க அணிக்கு ஆடுகிறாரா?

இல்லை. ஹோடினோஷோனி அணிக்கு. உலக லாக்ராஸ் அமைப்பு அவர்களைத் தனி நாடாக ஏற்றிருக்கிறது. சர்வதேச விளையாட்டில் ஒரு பூர்வகுடிக் கூட்டமைப்பு இப்படித் தன் கொடியோடு ஆடுவது மிக அபூர்வம்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் உண்டு. 2010-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் உலகப் போட்டி. அணி தங்கள் சொந்தக் கடவுச்சீட்டோடு கிளம்பியது. அமெரிக்க அரசு கடைசி நேரத்தில் ஒரு முறை மட்டும் என்று விலக்கு அளித்தும், பிரிட்டன் உள்ளே விட மறுத்தது. அமெரிக்கக் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு போயிருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்கும். அவர்கள் வாங்கவில்லை. நியூயார்க் விமான நிலையப் பக்கத்து விடுதியில் காத்திருந்துவிட்டு, ஆடாமலே ஊர் திரும்பினார்கள்.

அடுத்த உலகப் போட்டி 2014-இல் டென்வரில். லைல் ஆடிய ஹோடினோஷோனி அணி வெண்கலம் வென்றது. மைதான உலகப் போட்டியில் அவர்களுடைய முதல் பதக்கம் அது. 2018-இல் இஸ்ரேலின் நெத்தன்யாவிலும், 2023-இல் சான் டியேகோவிலும் மறுபடி வெண்கலம். 2015-இல் அரங்க உலகப் போட்டி ஒனோண்டாகா நிலத்திலேயே நடந்தது. வந்த அணிகளின் கடவுச்சீட்டுகளில் ஹோடினோஷோனி முத்திரை குத்தப்பட்டது. ஐந்தாண்டுக்கு முன் எல்லையில் நிறுத்தப்பட்டவர்கள் தங்கள் எல்லையில் உலகத்தை வரவேற்றார்கள். இறுதியில் கனடாவிடம் தோற்று வெள்ளி வாங்கினார்கள்.

2028 ஒலிம்பிக்ஸில் ஆட முடியுமா?

2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் குழுதான் லாஸ் ஏஞ்சலிஸ் போட்டிக்கு லாக்ராஸைச் சேர்த்தது. கிரிக்கெட் திரும்பி வந்த அதே வாக்கெடுப்பு. நம் ஊரில் அன்று கிரிக்கெட்டைப் பற்றி மட்டும்தான் பேசினோம். ஒனோண்டாகாவில் வேறொரு கேள்வி எழுந்தது.

ஒலிம்பிக்ஸில் கலந்துகொள்ள, குழுவால் ஏற்கப்பட்ட தேசிய ஒலிம்பிக் அமைப்பு வேண்டும். ஹோடினோஷோனிக்கு அது இல்லை. அப்போதைய அமெரிக்க அதிபர் பைடன் 2023 டிசம்பரில் அவர்களுக்கு ஆதரவாகப் பேசினார். ஒலிம்பிக் குழுவோ, வீரர்கள் அமெரிக்க அல்லது கனடா அணியில் சேர்ந்து ஆடலாம் என்றது. 1904-இல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்ஸில் மொஹாக் வீரர்களின் அணி ஒன்று வெண்கலம் வாங்கியிருக்கிறது என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும்.

முன்னுதாரணம் இன்னொன்றும் உண்டு. 2022-இல் அலபாமாவின் பர்மிங்ஹாமில் நடந்த உலக விளையாட்டுகளிலும் முதலில் இவர்களைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு எழுந்தபின் சேர்க்க முடிவானபோது, இடம் கொடுப்பதற்காக அயர்லாந்து அணி தானாக விலகிக்கொண்டது. 2028-இல் ஆடப்போவது சிக்ஸஸ் என்ற சுருக்க வடிவம்: பக்கத்துக்கு ஆறு பேர், எட்டு நிமிடக் கால்பகுதிகள் நான்கு, பந்து ஓர் அணியின் கையில் வந்தால் 30 நொடிக்குள் கோலை நோக்கி எறிய வேண்டும். அரங்கில் வளர்ந்த ஹோடினோஷோனி வீரர்களுக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. அவர்கள் தங்கள் கொடியோடு அங்கே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

எல்லாக் காலத்திலும் சிறந்த வீரர் இவரா?

சிரக்யூஸின் கேரி கெய்ட்டைச் சொல்பவர்கள் உண்டு. 1988-இல் கோலுக்குப் பின்னாலிருந்து குதித்து, மேலே இருந்து பந்தை உள்ளே வைத்த அவருடைய கோல் இன்றும் பேசப்படுகிறது. ஜிம் பிரவுனைச் சொல்பவர்களும் உண்டு. கோப்பைகளை எண்ணினால் கெய்ட் முன்னால் நிற்பார். பந்தைக் கொடுப்பதில், பக்கத்தில் இருப்பவரை உயர்த்துவதில் லைலுக்கு மேல் ஒருவரை நான் பார்த்ததில்லை.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் எந்த ஆட்டத்தைப் பார்க்கலாம்?

ஆல்பனியின் 2014 பருவத் தொகுப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன. முதல் முறை பார்க்கும்போது பந்தைப் பின்தொடர்ந்து பாருங்கள். இரண்டாவது முறை பந்தை விட்டுவிட்டு, கோலுக்குப் பின்னால் நிற்கும் 4-ஆம் எண் சட்டையை மட்டும் பாருங்கள். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, கால் எந்தப் பக்கம் போகிறது, பந்து எந்தப் பக்கம் போகிறது என்று கவனித்தால் மூன்றும் மூன்று திசையில் இருக்கும். அதன் பிறகு 2017 அரங்க இறுதிப் போட்டிக்குப் போங்கள். வேகம் அதிகம், பந்து கண்ணில் படாது. முதல் பதினைந்து நிமிடம் ஒன்றும் புரியாவிட்டாலும் விட்டுவிடாதீர்கள்.